எழுநூற்று முப்பத்தைந்து மில்லிமீட்டர்

மார்லிஸ் ஹெகெடாலைப் பற்றிக் கேட்டால்
முதலில் என் வாயில் வருவது ஓர் எண்.
பெடல் அச்சின் நடுவிலிருந்து இருக்கையின் முதுகுவரை
எழுநூற்று முப்பத்தைந்து மில்லிமீட்டர்.
முகம் மறந்தாலும் அது மறக்காது.
மெக்கானிக்கின் ஞாபகம்
விரலில்தான் இருக்கிறது.

வடக்கு டகோட்டாவிலிருந்து வந்தாள்.
இரண்டு பெட்டி, ஒரு சைக்கிள், மூன்று மாத விசா.
அவள் ஊரில் மேடு என்றால் ரயில் பாலம்தானாம்.
"மலை ஏறுவாயா?" என்றார் மேலாளர்.
"காற்று ஏறுவேன்" என்றாள்.
மொழி தெரியாமல் உளறுகிறாள் என்று சிரித்தோம்.

மார்ச்சில், கடலோரச் சாலையில்,
பக்கக்காற்று மொத்தக் கூட்டத்தையும்
முறத்தில் போட்டுப் புடைத்தது.
பதரெல்லாம் வாய்க்கால் பக்கம் பறக்க
அவள் முன்வரிசையில் இருந்தாள்,
எங்கள் தலைவியைத் தோளின் மறைவில்
குஞ்சைப் போல ஒதுக்கிக்கொண்டு.
அன்றோடு சிரிப்பு நின்றது.

ஒன்பது ஆண்டுகள்.
காருக்குப் பின்தங்கி வருவாள்.
சட்டைக்குள் எட்டுத் தண்ணீர்ப் புட்டிகளைத் திணித்துக்கொண்டு
பாதி ஒட்டகம் பாதி கர்ப்பிணியாக
மறுபடி முன்னேறுவாள்.
யாருக்குச் சக்கரம் பஞ்சரானாலும்
அவள் சக்கரம் கழன்று அங்கே போகும்.
பிறகு சாலையோரம் ஒற்றைக் கையைத் தூக்கி
எனக்காகக் காத்து நிற்பாள்,
கடைசிப் பேருந்தை விட்டவள்போல.
முடிவுப் பட்டியலில் எண்பத்தொன்று, நூற்று நான்கு,
சில நாள் பெயரே இருக்காது.
சம்பளமா?
நான் அவளைவிட அதிகம் வாங்கினேன்.
இதைச் சொல்ல இன்னும் கூசுகிறது.

நான்காம் ஆண்டு இடுப்பெலும்பு முறிந்தது.
திரும்பியபோது இடது கால் கொஞ்சம் குட்டை.
எழுநூற்று முப்பத்திரண்டு என்று திருத்தினேன்.
காலணிக்கடியில் ஒரு தகடு வைத்தேன்.
"யாரிடமும் சொல்லாதே."
ஒப்பந்தம் அந்த வாரம்தான்.

பிறகு அந்த ஞாயிறு.
ஆர்டென் காட்டில் மழை. சின்னப் பந்தயம்,
தொலைக்காட்சிக்காரன் எட்டிப் பார்க்காதது.
பதினெட்டு கிலோமீட்டர் மிச்சம்,
அவள் தனியாக முன்னால்.
"நில், மார்லிஸ்! தலைவிக்காக நில்!"
ரேடியோவில் மேலாளர் தொண்டை கிழிந்தது.
மடியில் உதிரிச் சக்கரத்தோடு பின்னிருக்கையில் நான்.
பதில் இல்லை.
வைப்பர் மட்டும் இல்லை இல்லை என்று
தலையாட்டிக்கொண்டிருந்தது.

பதினொரு நொடியில் வென்றாள்.
கோட்டைத் தாண்டிய பிறகுதான் கை தூக்கினாள்,
அதுவும் ஒற்றைக் கை,
சக்கரம் கேட்பதுபோல.
பரிசு ஒரு பூங்கொத்து,
உப்பிட்ட பன்றித்தொடை ஒன்று,
நூற்றைம்பது யூரோ.

சாயங்காலம் அவள் ரேடியோ என் கைக்கு வந்தது.
பேட்டரி நிறைந்திருந்தது.
பொத்தான் அணைத்திருந்தது.
மேலாளரின் பூட்ஸ் சத்தம் நெருங்கியது.
சைக்கிள் கழுவும் வாளியில்
அதை மூன்று எண்ணும்வரை முக்கி எடுத்தேன்.
"என்ன ஆச்சு அதுக்கு?"
"தண்ணி புகுந்துடுச்சு" என்றேன்.
உண்மையைத்தான் சொன்னேன்.
பதினேழு வருஷ வேலையில்
தெரிந்தே நான் பழுதாக்கிய பொருள் அது ஒன்றே.
அவளிடம் இதுவரை சொன்னதில்லை.
அவளும் கேட்டதில்லை.

ஓய்வுக் கடிதம் அனுப்பிய மறுநாளும்
காலை ஆறு மணிக்குக் கதவு தட்டினார்களாம்,
ஊக்கமருந்துச் சோதனைக்குச் சிறுநீர் கேட்டு.
கடிதம் இன்னும் போய்ச் சேரவில்லை.
கொடுத்தாளாம். காபியும் போட்டுக் கொடுத்தாளாம்.
இப்போது ஊரில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறாள்.

அவள் சைக்கிள் இந்த வாரம்
லித்துவேனியாவிலிருந்து வந்த புதுப் பெண்ணுக்கு.
எழுநூற்று எட்டு.
இருக்கைத் தண்டில், எத்தனையோ முறை இறுக்கிய இடத்தில்
மெல்லிய வளையமாய் ஒரு தேய்மானம்.
திருகைத் தளர்த்தித் தண்டை அழுத்தினேன்.
வளையம் சட்டகத்துக்குள் இறங்கி
மறைந்தது.
இறுக்கினேன்.
அளவு சரி.