மரங்களுக்குப் பாவாடை

அசல் வழக்கு எண் இருநூற்றுப் பதினான்கு.
பதினொன்றரைக்கு மேல்தான் கூப்பிடுவார்கள்.
அதற்குள் முந்திரி ஆலையில்
என் ஒருநாள் கூலி போயிருக்கும்.

முதல் ஒன்றரை வருடம் அண்ணன் இந்த ஊரிலேயே இல்லை.
களியக்காவிளை வீட்டில் ஆமீன் தட்டினால்
பாறசாலையில், பெண்டாட்டி வீட்டில்,
மரச்சீனியும் மீனும் தின்றுகொண்டிருந்தான்.
நடுவே ஒரு செக்போஸ்ட்.
வாழைக்குலை லாரி தாண்டும், கோழி தாண்டும்.
குழித்துறைக் கோர்ட்டுக் காகிதத்துக்கு மட்டும்
நெய்யாற்றின்கரை சுற்றித்தான் வழி.
சுற்றிப் போனது.
விலாசத்தில் ஆளில்லை என்று வந்தது.
அந்த ஞாயிறும் சர்ச்சில்
காணிக்கைப் பை ஏந்தியது வில்பிரட் அண்ணன்தான்.
என் வரிசைக்கும் நீட்டினான்.
பத்து ரூபாய் போட்டேன்.

பிறகு சுகிர்தா மகள் கல்யாணம், ஒரு வியாழக்கிழமை.
ஆமீனுக்கு நான்தான் ஆட்டோக்கூலி கொடுத்தேன்.
இலையில் அடைப்பாயசம் விழுமுன்
சம்மன் விழுந்தது.

வக்கீலுக்குக் காய்ச்சல்.
வக்கீல் மாற்றம்.
புது வக்கீல் கட்டைப் படிக்க அவகாசம்.
கட்டு என்றால் பதினான்கு தாள்.
அப்புறம் ஆதாரம்:
அப்பாவின் அப்பா எழுதிவாங்கியது, மலையாளத்தில்,
கொல்லவருடம் ஆயிரத்து நூற்று இருபத்திரண்டில்.
மொழிபெயர்ப்பு வேண்டும் என்றான்,
பெண்டாட்டியோடு மலையாளத்தில் சண்டை போடுகிறவன்.
எட்டு மாதத்தில் வந்தது தமிழ்.
அதிலே புரையிடம் என்றால் வீடா, வீட்டுமனையா
என்று இன்னொரு வருடம்.

"பொறுமையா இருங்க" என்றார் என் வக்கீல் சோபனராஜ்.
முந்திரிக்கொட்டை எண்ணெய் தின்ற விரல் ரேகையோடு
ஆதார் எடுக்கவே மூன்று தடவை போனவள் நான்.
இருந்தேன்.

ஒருநாள் தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன்.
ரப்பர் நானூற்றுப் பத்து மூடு.
ஒன்றுவிட்டு ஒருநாள் வெட்டு.
இரண்டு மாத வாய்தா என்றால் முப்பது வெட்டு;
ஞாயிறு, மழை கழித்தாலும் இருபத்துநான்கு.
அவனுக்குக் கேஸ் ஜெயிக்கவே வேண்டாம்.
காய்ச்சல் வந்தால் போதும்.
பால் வற்றி, பட்டை தீர்ந்த பிறகு
பாதி மரத்தைப் பிரித்துத் தருவான்,
தராசு பிடித்த மாதிரி.

ஷீட் கடை லாசரிடம் போய்
அண்ணன் பேரில் விழுந்த எடையெல்லாம் எழுதிவந்தேன்.
ரிசீவர் போடச்சொல்லி மனு.
அந்த மனுவுக்குப் பதில் சொல்ல
அவகாசம் கேட்டார்கள்.

அன்றைக்கு ஜட்ஜம்மா கண்ணாடியைக் கழற்றினார்.
ஐந்நூறு ரூபாய் செலவுத்தொகை. இதுதான் கடைசி.
வராந்தாவில் வைத்து அண்ணனே தந்தான்,
என் முகத்தைப் பார்க்காமல்.
நோட்டில் புகைப்புரை வாசம்.
ரசீதில் எழுதினேன்:
ஆட்சேபணையுடன் பெற்றுக்கொண்டேன்.
அது சோபனராஜ் சொல்லித்தந்த வார்த்தை.
என் பாலில் என் பங்கு
என்று எழுதத்தான் கை போனது.

அடுத்த வாய்தா ஜூன் இருபது.
இடவப்பாதி. மரம் வெட்டமாட்டார்கள்.
காய்ச்சலும் இருக்காது, வந்துவிடுவான்
என்று நினைத்தேன்.

நேற்று மேட்டில் நின்று பார்த்தேன்.
தாரும் பிளாஸ்டிக்குமாய்
நானூற்றுப் பத்து மரத்துக்கும்
மழைப் பாவாடை கட்டிக்கொண்டிருந்தான்,
ஒவ்வொன்றையும் கட்டிப்பிடித்து.
என்னைக் கண்டதும் நிமிர்ந்தான்.
"நல்ல வெயிலுல்லா,
கொடை எடுக்கலியா?" என்றான்.