இறங்குதுறைப் பெட்டி

உவர்மலையில் இரவு பதினொன்றே கால்.
குடாவுக்கு அந்தப் பக்கம்,
மூதூர் இறங்குதுறைக் கம்பத்தில் ஒரு பெட்டி.
ஒரு றாத்தல் பாண் அளவு.
உள்ளே சின்னதாய் ஒரு லினக்ஸ், ஒரு சிம்,
தண்ணீரின் உயரத்தை நிமிடத்துக்கொரு தடவை
தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறது.

அதைப் பூட்டச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது.

கடவுச்சொல் ஒன்று இருக்கத்தான் செய்தது:
பெட்டியின் முதுகில் ஒட்டிய அதன் பெயரே.
பொருத்திவிட்டுப் போனவர்
"ஆர் வரப்போயினம் இதுக்குள்ள" என்றாராம்.

ஆர் வந்ததென்று லொக்கைத் திறந்தேன்.
ஒரே நாளில் நாலாயிரத்துச் சொச்சம் தட்டல்.
அட்மின் என்று, கெஸ்ற் என்று, றூட் றூட் றூட் என்று.
தண்ணீர் எவ்வளவென்று ஒருத்தரும் கேட்கவில்லை.

ஒரு முகவரி மட்டும் தட்டாமல் வருகிறது,
சாவியோடு.
வெள்ளி தோறும், இரவில்,
கடைசி வரியை வாசிக்கிறது, போய்விடுகிறது.
சாவியின் வாலில் பெயர்: அஜ்வாத்.
எங்கள் அலுவலகத்தைவிட்டு தோஹா போய்
இரண்டு வருடம்.

அது பிறகு. முதலில் கதவு.

இந்த ஊரில் வளர்ந்தவளுக்கு அந்த மூன்று கேள்வியும் மனப்பாடம்:
யார், எங்கிருந்து, எதற்கு.
அதையேதான் பெட்டிக்கும் எழுதிக் கொடுக்கிறேன்.
எழுதும்போது விரல் கொஞ்சம் கூசுகிறது.

பூட்டுமுன் ஒரு காவல்:
'பத்து நிமிடத்தில் என் குரல் கேட்காவிட்டால்
இப்போது சொன்னதெல்லாம் மற,
விழுந்து எழும்பு, பழையபடி இரு.'
பிறகு விதியைப் போட்டேன்.
என்ரர்.

திரை உறைந்தது.

எங்கள் முகவரியில் இரண்டு எண்ணை
இடம் மாற்றிப் போட்டிருக்கிறேன்.
நான் எழுதிய காவலே
என்னை வெளியே நிறுத்திவிட்டது.

பெட்டி விழுந்து எழும்பாவிட்டால்
விடியற்காலை பஸ், கிண்ணியாப் பாலம்,
ஒரு மணித்தியாலத்துக்கு மேலே.
கூட்டின் திறப்பு காவலாளி பவளேந்திரனிடம்.
அவருடைய போனில் எப்போதும் சார்ஜ் இல்லை.
பிறகு ஏணி, உப்பு பூத்த ஆமைப்பூட்டு,
மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்தபடி நான்.

தேத்தண்ணி ஊற்றினேன். குடிக்கவில்லை.
துறைமுகத்தில் ஏதோ கப்பல் விளக்கை மாற்றிப் போட்டது.
ஆறு நிமிடம்.
அங்கே அது அளந்துகொண்டுதான் இருக்கும்,
என்னை உள்ளே விடாமல்,
எனக்கென்று.
ஒன்பது.
பத்து.
பதினொன்று. உறங்கு என்ற சொல்லை
நொடியில் எழுதினேனா நிமிடத்திலா?

பதினொன்றரையில் வந்தது.
எதுவும் நடக்காததுபோல
பெயர் கேட்டது.

இம்முறை எண்களை வாய்விட்டு வாசித்தேன்.
கடவுச்சொல்லை அணைத்து, ரெல்நெற் வரியை அழித்து,
விதி போட்டு, இன்னொரு சன்னலில் உள்ளே போய்ப் பார்த்து,
பிறகே காவலைக் கலைத்தேன்.

அப்புறம் அஜ்வாத்.
'உன்ர சாவியைக் கழட்டப் போறன்' என்று அனுப்பினேன்.
தோஹாவில் இன்னும் பத்து மணி ஆகவில்லை.
'ரெண்டு வருஷம் பிந்திட்டீங்க, சுகிர்தா.'
கொஞ்சம் கழித்து:
'தம்பிட வள்ளம். நாப்பதுக்குக் கீழ போனா
ஆத்து வாயில அடி தட்டும்.
சனி விடிய எறங்குவான்.
வெள்ளி ராவு பாத்துச் சொல்லுவன், அவ்வளவுதான்.'

அவ்வளவுதானா என்று நானும் லொக்கில் பார்த்தேன்.
அவ்வளவுதான்.

றூட்டை எடுத்துவிட்டேன்.
அவன் சாவிக்கு முன்னால் ஒரு கட்டளை கட்டினேன்:
'இவன் வந்தால் கடைசி வரியைச் சொல், கதவைச் சாத்து.
வேறென்ன கேட்டாலும் அதையே சொல்.'
அவன் முகவரியை விதியில் இரண்டாவதாய்ச் சேர்த்தேன்.
கடிதத்துக்குப் பதில் எழுதினேன்:
பூட்டியாயிற்று.
பொய்யில்லை.

வெள்ளி இரவு லொக்கில் ஒரு வரி.
வந்தான், கேட்டான், சாத்தியது. மூன்று நொடி.
நீர்மட்டம் முப்பத்தெட்டு.
தம்பி சனிக்கிழமை
கொஞ்சம் பிந்தித்தான் இறங்கியிருப்பான்.