நாற்பத்து நான்கு பைட்

கையுறைத் தொழிற்சாலைச் சட்டையோடு வந்தாள் தவமணி.
இரவு ஷிப்டுக்குப் பஸ் ஏழே காலுக்கு.
பகாவ் பஸ் நிலையத்துக்கு எதிரே என் கடை:
போன் கண்ணாடி, டாப்-அப், பாஸ்போர்ட் படம்,
யாரும் திரும்பி வந்து வாங்காத நான்கு மடிக்கணினி.
"இதத் தொறந்து குடுங்க" என்றாள்.

பென்டிரைவில் இரண்டு கோப்புகள்.
முதலாவது கம்பெனி தந்தது, எந்தப் போனிலும் ஓடும்.
அதில் அவள் புருஷன் வீரசிங்கம்
எடைமேடைக் கிராணியிடம் பேசுகிறான்.
சேற்றில் செருப்பு இழுபடுவது போல
ஒவ்வொரு சொல்லும் இழுபடுகிறது.
அதற்குப் பிறகுதான்
பத்து டன் செம்பனைக் குலையோடு
ஆலைச் சரிவில் லோரி கவிழ்ந்தது.
போதை, என்றது அறிக்கை.
ரத்தம் பார்த்த தாள் காணாமல் போய்விட்டதாம்.

இரண்டாவது, தொழிலாளர் இலாகா அதட்டியதால் வந்தது.
கருவி தனக்குள் எழுதிக்கொண்ட எண்கள்,
உப்புப் புளி சேராமல், பச்சையாக.
பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளிகூட இல்லை.
எதில் போட்டாலும் திறக்காது
என்ற தைரியத்தில் கொடுத்திருப்பார்கள்.

திறக்காததற்குக் காரணம் சின்னது.
தலை இல்லை.
முன்னால் நாற்பத்து நான்கு பைட் வேண்டும்:
நொடிக்கு எத்தனை எண், எண்ணுக்கு எத்தனை பிட்,
ஒரு காதா இரண்டு காதா.
அதை எழுதிவிட்டால் ஓடும்.
என்ன எழுதினாலும் ஓடும்.
அதுதான் சங்கடம்.

முதலில் தகரக் கூரையில் மழை மட்டும் கேட்டது.
இரட்டையாக வரும் பைட்டுகளில்
மூத்தது முன்னா இளையது முன்னா என்று
மாற்றி உட்கார வைத்தேன்.
மழை விட்டது. ஆள் வந்தான்.

நாற்பத்து நாலாயிரத்து நூறு: வெட்டுக்கிளி.
இருபத்து இரண்டாயிரத்து ஐம்பது: பள்ளிக்கூடப் பையன், மூச்சு வாங்காமல்.
எட்டாயிரம்:
கம்பெனியின் வீரசிங்கம். அதே சேறு, அதே செருப்பு.
தவமணி வெளியே பஸ்ஸைப் பார்த்தாள்.
"குடிக்கிறவர்தான்" என்றாள். "அன்னிக்கு இல்ல."

ஒருவன் குடித்தானா இல்லையா என்பதை
நான் ஒரு கட்டத்தில் தட்டச்சு செய்யப் போகிறேன்.
தலையெழுத்து என்று சும்மா சொல்லிவிடுகிறோம்.

அப்போதுதான் கேட்டது,
பேச்சுக்கு அடியில் ஒரு முனகல்.
எடைமேடைக் கொட்டகையின் குழல்விளக்கு.
என் தலைக்கு மேலேயும் ஒன்று முனகுகிறது,
மாற்றச் சொல்லி மனைவி மூன்று மாதமாகத் திட்டுகிறாள்.
அங்கும் இங்கும் ஒரே மின்சாரம். சுருதியும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்?
எட்டாயிரத்தில் அவன் விளக்கு தாழ்ந்து கிடந்தது.
ஒன்பதாயிரம். பத்தாயிரம்.
இரண்டு முனகலும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன,
இடி மெதுவாகியது, இன்னும் மெதுவாக,
பதினோராயிரத்து இருபத்தைந்தில்
எது கணினி எது கூரை என்று தெரியவில்லை.

"பிரேக் புடிக்கலன்னு நேத்தே போர்மன்கிட்ட சொன்னேன், லா.
எழுதிக்கிட்டாரு. எழுதிக்கிட்டா புடிக்குமா?
சரி, ரசீதக் குடு."
சிரிப்பு. கதவு. என்ஜின்.

சொல் ஒவ்வொன்றும் அலசி வைத்த கோப்பை மாதிரி.

அவள் அழுவாள் என்று நாற்காலியை நகர்த்தி வைத்தேன்.
உட்காரவில்லை. மறுபடி போடச் சொன்னாள்,
பிரேக் வரை இல்லை, சிரிப்பு வரை.

பிறகு சொன்னேன்:
"சிரம்பான் விசாரணையில கேப்பாங்க.
அவங்க எழுதினதும் நாப்பத்து நாலு பைட், நான் எழுதினதும் நாப்பத்து நாலு.
ஓங்களுது சரின்னு எப்படின்னு."

ஏழு பத்து. பஸ் விளக்கைப் போட்டுவிட்டது.
பென்டிரைவை ஜிப் வைத்த பைக்குள் போட்டு
ஐந்து வெள்ளியை மேசையில் வைத்தாள்.
அண்ணாந்து கூரையைப் பார்த்தாள்.
"இந்த வெளக்க
கழட்டி எடுத்துட்டு வர முடியுமா?"
விளையாட்டாகக் கேட்கவில்லை.
நான் ஸ்டூலைத் தேடினேன்.