பதினாலரை மணி நேரம்

ஜனவரி ஒன்றாம் தேதி
கூலி ஏறியது.

குன்சான் துறைமுகச் சாலை, இராப்பகல் கடை,
கல்லாவுக்குப் பின்னால் நான்.
ரசீதுத் தாளின் பின்புறம் பெருக்கிப் பார்த்தேன்:
வாரம் முப்பது மணி, மாதம் நாலு வாரம்.
கூடுதலாக வருவதில்
பாதி மின்கட்டணம், ஒரு கையுறை,
ஒரு தட்டு பொரித்த கோழி.
தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.
பெருக்கலில் பிழையில்லை.
மணிதான் நிலைக்கவில்லை.

முதலாளி குவாக் தெசிக் நல்லவர்.
அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்,
இனிமேல் சொல்லப்போவது வேறு மாதிரி ஒலிக்கும்.
வாரம் பதினைந்து மணியைத் தொட்டுவிட்டால்
ஓய்வு நாளுக்கும் சம்பளம் உண்டு, சட்டம்.
ஆகவே எனக்குப் பதினாலரை.
அந்த அரை மணியை நறுக்கியெடுத்த பிறகு
முகம் பார்க்காமல்
ஒரு வாழைப்பழப் பால் டப்பாவை நீட்டினார்.
"காலாவதி ஆகலை" என்றார்,
நான் கேட்காமலே.

மிச்ச மணிகளைப் பொறுக்கப் போனேன்.
செவ்வாய், வியாழன் காபிக் கடை.
சனி இரவு குளியல்கூடத்தில் துண்டு மடிப்பு.
மூன்று சீருடை, மூன்று பெயர்ப்பட்டை,
மூன்றிலும் மா ஹெயின்.
ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஓடும்
பேருந்து நேரத்துக்கு மட்டும்
குறைந்தபட்சம் என்று எதுவும் கிடையாது.

ஆனால் ஓக்புன் இருக்கிறாள்.
மீன் ஆலையில் கணவாய் உரிப்பவள்.
அவள் மணியில் யாரும் கை வைக்கவில்லை,
வழுக்கும் தோலைப் பிடிக்கிற இயந்திரம்
அந்த ஆலைக்கு இன்னும் வரவில்லை.
பதினோரு வருடம் காலியாய்க் கிடந்த
இடது கடைவாயில் பல் கட்டிக்கொண்டாள்.
எங்கள் கடையில் ஒரு பொட்டலம் வறுகடலை வாங்கி
என் கண்ணெதிரே கடித்துக் காட்டினாள்.
கடக்.
கூலி ஏறினால் நாடு என்ன ஆகும் என்று
தொலைக்காட்சியில் இரண்டு பேர் அடித்துக்கொண்ட இரவு
எனக்கு அந்தச் சத்தம்தான் கேட்டது.

இரவுப் பையனை நிறுத்திவிட்டு
தெசிக் தானே நிற்கிறார், பதினொன்று முதல் ஏழு வரை.
ஒரு நாள் கணக்கேட்டை என் பக்கம் திருப்பினார்.
தலைமை நிறுவனம் முதலில் எடுத்துக்கொள்ளும்.
பிறகு வாடகை. அது நவம்பரிலேயே ஏறிவிட்டது,
அதற்கு யாரும் விவாதம் வைக்கவில்லை.
பிறகு மின்சாரம், அட்டைக் கட்டணம்,
அதற்கும் கீழே நான்.
எஞ்சியதை அவர் நின்ற மணிகளால் வகுத்தேன்.
என்னைவிடக் குறைவு.

"புகார் கொடுக்கலாமே முதலாளி."
"யார் மேல?"
சிரித்தோம். குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது.
கிள்ளிக் கொடுக்கிற கை கண்ணெதிரே இருக்கிறது.
அள்ளிக்கொள்கிற கை
சோல் நகரத்தில், ஏதோ ஒரு பதினெட்டாம் மாடியில்.

நேற்று விடிகாலை நாலு மணி.
துண்டு மடித்து முடித்து, விரல் ஊறி வெளுத்து,
வாடிக்கையாளாய்க் கடைக்குள் போனேன்.
கதவு மணி ஒலித்ததும்
கல்லாவில் தலைசாய்த்திருந்தவர்
யாரென்று பாராமலே எழுந்து குனிந்தார்:
"வாங்க, வணக்கம்."
அந்த வாக்கியத்தை எனக்குப் பழக்கியபோது
இன்னும் கொஞ்சம் தாழக் குனி என்றவர் அவர்தான்.

முக்கோணச் சோற்றுப் பொட்டலம் இரண்டு எடுத்தேன்.
அதுவும் விலை ஏறியிருந்தது,
கூலி ஏறிய அளவுக்கு இல்லை,
ஆனால் ஏறியிருந்தது.
ஒன்றை அவர் பக்கம் தள்ளினேன்.
நின்றபடியே தின்றோம்.

ரசீது வேணுமா என்றார்.
வேண்டும் என்றேன்.
பின்புறம் காலியாகத்தானே இருக்கும்.