இருப்பிடம் ஐயம்

உம்முல் குவைன் துறையிலிருந்து
ஒன்றே முக்கால் மணி நேரம்.
படகு தாத் கரீமுடையது. கோல் என்னுடையது.
அடையாள அட்டையில் என் வேலைக்கு நீண்ட பெயர் உண்டு;
வெயிலில் அளவுகோலை நேராகப் பிடித்து நிற்பவன்
என்றால் போதும்.

தீவுக்கு மூன்று பெயர்.
மீன் ஏலம் விடுபவர்களுக்கு உம்மு ரீஷ், இறகுகளின் தாய்.
தாத் கரீம் பலூச்சியில் ஒன்று சொல்லித்
தனக்குத்தானே சிரித்துக்கொள்வார்.
அர்த்தம் கேட்டால் பீடியைப் பற்றவைப்பார்.
அலுவலகச் சுவரில், கண்ணாடிக்குள், பழைய கடல் வரைபடத்தில்
ஒரு புள்ளி; புள்ளிக்கு ஒரு வட்டம்;
பக்கத்தில் எறும்பெழுத்தில்:
இருப்பிடம் ஐயம்.

நீளம் நானூற்றுப் பன்னிரண்டு மீட்டர்.
அகலத்தை ஓதத்திடம் கேட்க வேண்டும்.
உயரம் மூன்றரை.
உச்சியில் ஏறி நின்றால்
கண்ணுக்கு எட்டிய வரை நான்தான் மலை.
மேற்கே அரித்த பாறை, பல் போன ஈறு மாதிரி.
கிழக்கே மணல் வால்.
நடுவில் உமரிச் செடி, நீர்க்காகங்களின் எச்சம்,
மூக்கைப் பொத்திக்கொண்டு எழுத வேண்டிய குறிப்பேடு.

சரித்திரம் தெற்கு மேட்டில் கிடக்கிறது.
இடுப்பளவு சிப்பி ஓடு.
முத்து இருந்ததும் இல்லாததும்
திறந்து எறிந்த பின் ஒன்றுதான்.
கிணறு என்று வரைபடம் சொல்லும் குழிக்குள்
ஒரு நண்டு, ஒரு பெப்சி டப்பா.
பெயர் வெட்டாத ஐந்து கல்லறைகள்;
மூச்சு போதாமல் போனவர்களா,
காய்ச்சலில் போனவர்களா,
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
கப்பல்களைக் கப்பல்கள் சுட்ட வருடங்களில்
ஒதுங்கிய தார் உருண்டைகள்
இன்னும் மதியத்தில் இளகும். செருப்பில் ஒட்டும்.

போன வருட அளவுக்கும் இதற்கும்
பதினோரு மீட்டர் வித்தியாசம்.
கோலை எங்கே பிடித்தாய் என்றார் பொறியாளர் முதஸ்ஸிர்.
சூடான்காரர், கோபத்திலும் மெதுவாகப் பேசுவார்.
கோல் நேராகத்தான் இருந்தது சார்,
தீவுதான் கொஞ்சம் தள்ளி நின்றது.

உண்மை அதுதான்.
சமால் காற்று மேற்கில் சுரண்டிக்
கிழக்கில் கொட்டுகிறது, கூலி கேட்காமல்.
கரையிலிருந்து அறுபது அடி உள்ளே நட்டதாகக்
கோப்பு சொல்லும் அளவுக்கல்லை
இப்போது அலை நக்குகிறது.
பித்தளைத் தகட்டில் எண், எண்பத்து நான்காம் வருடம்.
பாசியைச் சுரண்டிப் படம் எடுக்கக் குனிந்தபோது பார்த்தேன்.
சிமெண்ட் ஈரமாக இருக்கையில்
யாரோ ஆணியால் கீறியிருக்கிறார்கள்.
பெயரில்லை. ஊரில்லை. கடவுளும் இல்லை.
தமிழில் ஒரே சொல்:
வெயில்.

சத்தமாகச் சிரித்துவிட்டேன்.
இருநூறு நீர்க்காகங்கள் எழுந்து உட்கார்ந்தன.

மனிதர் வசித்த தடயம்: உண்டு, இல்லை.
இரண்டு கட்டத்துக்கும் நடுவில்
பேனா நின்றது.
மக்கள்தொகைக்கு எதிரே வழக்கம்போல் சுழி போட்டேன்.
படகில் இருவரும் கரையில் ஒருவனும் இருந்தோம்,
அதையும் சேர்த்துத்தான் சுழி.

பங்குனி முடிவில் புதுக் கல் நட அனுப்பினார்கள்,
பழையதிலிருந்து நாற்பது மீட்டர் கிழக்கே.
மணலைச் சலித்தோம். குடிக்கிற தண்ணீரில் குழைத்தோம்.
அங்கே சிமெண்ட் இறுகக் கால் மணி நேரம் போதும்,
அதற்குள் முடிவெடுக்க வேண்டும்.
ஆணி கையில்.
பெயர் எழுதலாம். சேசடிமை, மூன்றெழுத்துக்கு மேல்.
மணப்பாடு என்றும் சேர்க்கலாம்.
பழைய கல்லைத் திரும்பிப் பார்த்தேன்.
முழங்கால் தண்ணீரில் நின்றது.

ஆமா,
என்று எழுதினேன்.

என்ன எழுதினாய் என்றார் தாத் கரீம்.
அவர் பீடியை வாங்கிப் பற்றவைத்தேன்.