லைனிலேயே இருங்கள்

இழுக்காதீர்கள், அம்மணி.
நான்கு நாளாக இதைத்தான் சொல்கிறேன்,
தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில்,
தெரியாத இடங்களில் கையால்.

இஸ்தாபாவிலிருந்து முப்பது மைல்.
இங்கே கரை என்பது எரிமலைகளின் நுனி மட்டும்தான்,
பத்து மணிக்கு அவையும் கரைந்துவிடும்.
படகின் பின்னால் முள்ளில்லாத பொய் இரைகள்
நுரையைக் கிழித்துத் துள்ளுகின்றன.
அவற்றின் பின்னால், நல்ல நாளென்றால்,
நீருக்கடியில் ஒரு பழுப்பு நிழல்.

மயில்மீன்.

பொய்யை நான் இழுத்துக்கொள்வேன்.
மெய்யை நீங்கள் விடவேண்டும்:
மூக்கில் நூல் கட்டிய முரல்,
அதன் நெற்றிக்கு மேல் வட்டமுள்,
தன் தண்டையே திரும்பிப் பார்க்கும் கூர்.
கவ்வும். நூல் ஓடும்.
ஓடட்டும்.
உருளைமேல் கட்டைவிரல் சும்மா கிடக்கட்டும்.
நான்கு எண்ணிவிட்டு
நெம்பை மெல்லத் தள்ளிச் சுற்றுங்கள்,
போதும்.
மீன் திரும்பும்போது முள்ளும் திரும்பிக்கொள்ளும்.

மார்னி ஹால்வர்சன் தலையாட்டுவாள்.
மீன் கவ்வியதும்
வெடுக்கென்று இழுப்பாள்.

துலூத் என்றொரு பனி ஊர்.
அங்கே அவசர உதவித் தொலைபேசியில் இருபத்தாறு வருஷம்.
இரண்டாம் மணிக்கு முன் எடுத்துப் பழகிய கை.
அந்தக் கையிடம் போய்
நான்குவரை எண்ணு என்றால்?

முதல் நாள் ஐந்து மீன், ஐந்தும் போயின.
முரலின் தலை மட்டும் திரும்பி வந்தது,
ஐந்து முறையும் அதே வியந்த முகத்தோடு.
கேப்டன் எர்மெலிந்தோ மேல்தளத்தில் சிரிக்கவில்லை.
அவர் சிரிக்காமலிருப்பது பெரிய மரியாதை.

மூன்றாம் நாள் கேட்டாள்:
இழுத்தால் குத்துமே, அந்தப் பழைய முள் இல்லையா?

இருக்கிறது, என் பெட்டியின் அடியில் ஒன்று.
விழுங்கிய பின் இழுத்தால்
எது முதலில் அகப்படுகிறதோ அதைக் குத்தும்.
இரைப்பை. செவுள்.
ஒருமுறை, கண்ணின் பின்புறம்.
நான் வேலைக்குச் சேர்ந்த புதிது அது.
நூலை அறுத்து விட்டோம்.
நாலடி போனது, பிறகு சாய்ந்தது,
வெள்ளை நுரையில் இளஞ்சிவப்பு.
"விட்டாச்சா?" என்று மேலிருந்து குரல்.
"விட்டாச்சு."
ஏட்டில் ஒரு கோடு: விடப்பட்டவை, ஒன்று.
அந்த வருஷத்து ஏட்டில் பக்கம் பக்கமாகக் கோடுகள்,
எத்தனை நீந்தின, எத்தனை இறங்கின,
கடலுக்குத்தான் தெரியும்.

இதையெல்லாம் எனக்கு ஆங்கிலத்தில் சொல்ல வராது.
அவள் உள்ளங்கையில் வட்டமுள்ளை வைத்து
மூடச் சொன்னேன்.
நூலை மெல்ல இழுத்தேன்.
ஒரு கீறலும் இல்லாமல் வழுக்கி வந்து
கட்டைவிரல் மடிப்பில் நின்றது.
பிறகு பழைய முள்ளை எடுத்தேன்.
அவள் கையை நீட்டவில்லை.

என் மனைவி ஒதிலியா சந்தையில் மீன் விற்கிறாள்.
பிடித்ததை விட்டுவிட்டு வருகிறவனுக்குச் சம்பளமா என்று
பக்கத்துக் கடைக்காரிகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.
நானும் சிரிப்பேன். வேறென்ன செய்ய?

இன்று காலை, வலப்பக்கம், அந்த நிழல்.
பொய்யை இழுத்தேன். மெய்யை விட்டாள்.
நூல் ஓடியது.
அவள் உதடு அசைந்தது. எண்ணுகிறாள் என்று நினைத்தேன்.
எண் இல்லை.
"லைனிலேயே இருங்கள்," என்கிறாள்,
மிக மெதுவாக, நடுக்கமில்லாத ஒரு குரலில்,
"வைத்துவிடாதீர்கள். நான் இருக்கிறேன். லைனிலேயே இருங்கள்."

நெம்பைத் தள்ளினாள்.
கடல் எழுந்து நின்றது.

இருபது நிமிஷம் கழித்து
கையுறைக்குள் அதன் அலகு, அரம்போல.
வாயோரத்தில் முள், காதில் கடுக்கன் மாட்டியதுபோல்
அவ்வளவு வெளியே. ஒரு திருகு, வந்துவிட்டது.
எர்மெலிந்தோ படகை மெல்ல முன்னே நகர்த்த
செவுளுக்குள் தண்ணீர் ஓடியது.
செம்பு நிறத்தில் கிடந்த முதுகில்
நீலம் ஒவ்வொரு கோடாக ஏறியது.
என் பிடியை உதறியது.
போனது, கீழே, நேராக, தன் பலத்தில்.

"விட்டாச்சா?"
நான் வாய் திறப்பதற்குள்
மார்னி கைக்கடிகாரத்தைப் பார்த்து,
யாரிடமோ, பழக்கத்தில்:

பதினொன்று நாற்பத்திரண்டு.
மூச்சு இருக்கிறது.