தள்ளுபடி

நூற்றுக்கு நாற்பது கொடுத்தால் போதும் என்கிறான் மார்விஸ்.
மீதியை மறந்துவிடுவார்களாம்.
அவன் குரலில் ஜலதோஷம்.
அவனிடமும் ஒரு கார்டு இருக்கும்,
அவனையும் எவனோ சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடுவான்
என்று நினைத்துக்கொண்டே
யோசிக்கிறேன் என்றேன்.
வெள்ளிக்கிழமை வரைதான், மிஸ் ஹால்வர்சன்.
அவர்களுக்கு எல்லா வெள்ளிக்கிழமையும்
கடைசி வெள்ளிக்கிழமை.

டூலூத் நகரில் பிப்ரவரி.
ஏரி கரையோரம் இறுகிவிட்டது, நடுவில் இன்னும் கறுப்பு.
ஆஸ்பத்திரிச் சமையலறையில் இரவு ஷிப்ட் முடிந்து வந்து
பூட்ஸைக்கூடக் கழற்றாமல்
பதினொன்றாயிரத்து முந்நூற்று நாற்பது டாலரை
மேஜைமேல் பரப்பினேன்.
பணமாக அல்ல,
மூன்று வருடத்துக் காகிதமாக.

தள்ளுபடி.
கோட்டுக் கடையின் கண்ணாடியில் ஒட்டியிருந்தால்
கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடியிருப்பேன்.
கடிதத்தில் வந்திருக்கிறது.
வாங்கியது நான்தானே என்று
கன்னம் சுடுகிறது,
யாரும் பார்க்காத சமையலறையில்.

நூலகத்தில் சனிக்கிழமைகளில்
இலவசமாக வரிக்கணக்குப் பார்க்கிற கோர்டி
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சொன்னார்:
விட்டுக்கொடுத்த தொகை வருமானம்.
ஆறாயிரத்து எண்ணூற்று நான்கு டாலர்
நீ சம்பாதித்ததாக ஒரு படிவம் வரும்.
கையில் வராத பணம், அதற்கும் வரி.
தீர்வுக்கும் தீர்வைக்கும் ஓர் எழுத்துத்தான் தூரம்.
ஆனால், என்றார்,
அன்றைக்கு உன் சொத்தைவிட உன் கடன் பெரிது என்று
காட்ட முடிந்தால் தப்பிக்கலாம்.
என்னென்ன இருக்கிறது, சொல்.
கார், பாதி உயிரோடு.
கொதிகலன் மாற்றுவதற்காகச் சேர்த்த ஐயாயிரத்து நூறு.
ஊனா.
நாயை எழுத வேண்டாம் என்றார்.

இப்போது ஊனா மேஜைக்கடியில் தூங்குகிறது,
ஆணி வைத்துத் தைத்த இடுப்பை
என் பூட்ஸில் சாய்த்து.
கீழே பழைய கொதிகலன்
இருமி இருமிச் சூடு அனுப்புகிறது.

நூற்றுக்கு நாற்பது என்றால்
எந்த நாற்பது?
யாரும் இதைக் கேட்கவில்லை.
பென்சிலை எடுத்தேன்.

ஊனாவின் இடுப்பு, இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது.
வட்டமிட்டேன். அது முழுசாக என்னுடையது.
கடைவாய்ப் பல், ஆயிரத்து நானூற்றுப் பதினைந்து.
இன்றும் அதில்தான் மெல்லுகிறேன். வட்டம்.
வெண்டெல் ஓட்டிக்கொண்டு போன காரின் கியர்பெட்டி,
போகட்டும்.
அவன் தேர்ந்தெடுத்த சோபா,
போகட்டும்.
வட்டி, வட்டி போட்ட குட்டி,
தாமதத்துக்கு அபராதம், அபராதத்துக்கு வட்டி,
இவற்றை யார் பெற்றார்களோ அவர்களே வளர்க்கட்டும்.

டூ ஹார்பர்ஸ் விடுதியில் ஓர் இரவு,
நூற்று நாற்பத்தெட்டு.
பென்சில் நின்றது.
ஜன்னலுக்கு வெளியே தாது ஏற்றிய கப்பல்
விளக்குகளோடு நகர்ந்துகொண்டிருந்தது.
அவன் அன்றைக்கு நல்லவன்.
வட்டம்.

கூட்டிப் பார்த்தேன்.
அவர்கள் கேட்கிற நாலாயிரத்து ஐந்நூற்று முப்பத்தாறுக்குப்
பதின்மூன்று டாலர் குறைகிறது.
எதற்கென்று தெரியாத பதின்மூன்று.
மார்விஸ் இருமல் மருந்து வாங்கிக்கொள்ளட்டும்.

வியாழக்கிழமை நானே கூப்பிட்டேன்.
தருகிறேன், ஆனால் முதலில் எழுத்தில் கொடு.
எத்தனை, எதற்கு, இதோடு முடிந்தது என்று, கையெழுத்தோடு.
அதற்குமுன் ஒரு சென்ட் வராது.
கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.
தபாலில்தான் வரும் மேடம், என்றான்.
வரட்டும்.

தபால்பெட்டி
டிசம்பரிலிருந்து பனிக்கடியில் கிடக்கிறது.
சாலை வழிக்கும் வண்டி ஒவ்வொரு முறையும்
அதன்மேல் இன்னொரு அடுக்கை எறிந்துவிட்டுப் போகும்.
எனக்கும் அது வசதியாக இருந்தது.

மண்வாரியை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.
மேலே மாவு, அதன்கீழ் உப்பு,
அடியில் கல்.
ஊனா நொண்டிக்கொண்டே பின்னால் வந்து
நான் தோண்டிய குழியை முகர்ந்தது.
அரைமணி கழித்து
தகரத்தில் இரும்பு மோதும் ஒலி கேட்டது.